பதினொரு உருண்டைகள்

ஆமையைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள்.

ஆமை என்பது ஒரு கார். சில்லுவின் அப்பாவைவிட அதற்குப் பதினாறு வயது அதிகம். முதுகு உருண்டையாக இருக்கும். முன்விளக்குகள் இரண்டும் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டதுபோல முழித்துக்கொண்டிருக்கும். வேகமாகப் போகச் சொன்னால் இருமும். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். நான்கு வருடங்களுக்கு முன் அவர் ஆமையை வாங்கியபோது, அதன் பின் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பொரிந்து, கோழி குடும்பத்தோடு இறங்கிப் போகும்வரை மூன்று வாரம் காத்திருந்து, பிறகுதான் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துவந்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆமைதான். துருவைச் சுரண்டினார். ஓட்டைகளை அடைத்தார். வானத்து நீலத்தில் ஐந்து முறை வண்ணம் பூசினார். கார் செய்தபோது எப்படி இருந்ததோ, திருகாணிகூட மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் தோற்றது ஒரே ஓர் இடத்தில்தான்.

"அந்தக் காலத்து வண்டியில சீட் பெல்ட்டே கிடையாது" என்று அப்பா சொன்னார்.

"அந்தக் காலத்து ஆளுங்க யாரும் இதுல உக்காரப் போறதில்ல. நம்ம பிள்ளைங்கதான் உக்காரப் போறாங்க" என்றாள் அம்மா.

மறுவாரமே எல்லா இருக்கைக்கும் பெல்ட் வந்துவிட்டது. அம்மா பஸ் கண்டக்டர். அறுபது பேரை ஒரே பஸ்ஸில் அடக்கி உட்கார வைப்பவளிடம் அப்பா எத்தனை நேரம் வாதாட முடியும்?

சில்லுவுக்குப் பத்து வயது. சில்லு என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்றரை வயதில் அப்பாவின் கடையில் கைக்கண்ணாடியைப் போட்டு உடைத்தாள். "சில்லு! சில்லு! பார்த்து!" என்று எல்லோரும் கத்தியபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளாம். அவளுடைய தம்பிக்கு நான்கு வயது. அவனை உருண்டை என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதை அவனைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஒருநாள் வண்டிப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆமையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தேறினால் அதன் பழைய எண்ணோடு சாலையில் ஓடலாம். தேறாவிட்டாலோ, வராவிட்டாலோ, எண் ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு ஆமை கொட்டகையில் நிற்கும் ஒரு பெரிய நீல அலமாரிதான்.

அப்பா கடிதத்தை நான்கு முறை படித்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ புதுச் செய்தி வந்ததுபோலச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை வரைதான் இருந்தது.

அன்று ஆமையைக் கழுவுவதற்காகக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குப் பின்பக்கமாக எடுத்தார் அப்பா. சில்லு அவருக்குப் பக்கத்தில், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி யாராவது இருக்காங்களா பாரு" என்றார் அப்பா.

சில்லு தலைக்கு மேலே இருந்த கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். ஆமையில் இருந்தது அந்த ஒரே கண்ணாடிதான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் பின்பக்கத்து ஜன்னலும் முற்றத்துச் சுவரும் தெரிந்தன.

"யாரும் இல்லப்பா. வாங்க."

ஆமை இருமிக்கொண்டே நகர்ந்தது.

"நிறுத்துங்க!"

அம்மாவின் குரல். பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும் குரல். அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். ஆமை குலுங்கி நின்றது.

சில்லு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உருண்டை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஒரு திருகாணி இருந்தது.

"அக்கா, ஆமைக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அவனை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா இறங்கிவந்து அந்தச் சக்கரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்பா யாரும் இல்லன்னு சொன்னேன்" என்றாள் சில்லு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கண்ணாடியில நல்லாப் பார்த்துட்டுத்தான்பா சொன்னேன்."

"உன் மேல தப்பில்லடா. ஓட்டுறவன் நான்."

அப்பா ஆமையைத் திரும்பக் கொட்டகைக்குள் கொண்டுபோகவில்லை. பாதி வெளியே நின்றபடியே அதற்கு உறையைப் போட்டு மூடினார். சாவியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"சனிக்கிழமை போகல. இது போதும்" என்றார்.

மறுநாள் கடையில் வழக்கமாக வருகிற வாத்தியார், "என்னப்பா, கை நடுங்குது?" என்று கேட்டாராம். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவரை அடுத்த நாள் வரச் சொல்லிவிட்டு, கடையை மூடினார். அப்பாவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

சில்லுவுக்குப் பள்ளியில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. 'உருண்டை அங்கேதான் இருந்தான். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தேன். அப்புறம் ஏன் தெரியவில்லை?'

மாலையில் வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையை வைத்தாள். ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

"உருண்டை, வா. ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"காணாமப் போற வேலை."

அவன் உடனே சம்மதித்தான்.

சில்லு உறையை விலக்கினாள். உருண்டையின் தலையில் குளியலறைச் சிவப்புக் குவளையைக் கவிழ்த்தாள். பிறகு ஆமையின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவி அலமாரி மேலே இருந்ததால் ஆமை எங்கும் போய்விடாது.

"காரைச் சுத்தி வா! நான் நில்லுன்னா நின்னு, அங்கேயே உக்காரணும்!"

உருண்டை தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு நடந்தான். கண்ணாடியில் சிவப்புக் குவளை தெரிந்தது. ஆடி ஆடி நகர்ந்தது. திடீரென்று காணோம். பாட்டு மட்டும் கேட்டது.

"நில்லு!"

சில்லு இறங்கி ஓடிப் பார்த்தாள். உருண்டை இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு அருகில், நேற்று இருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.  அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"பெருக்கல் வேண்டாம். என்னை வரை" என்றான் உருண்டை.

"எப்படி?"

அவன் தரையில் மல்லாந்து படுத்துக் கையைக் காலை விரித்தான். "இப்படி."

அவளும் அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள். அவன் எழுந்தபோது தரையில் ஒரு வெள்ளை உருண்டை படுத்திருந்தான்.

மூன்றாவது உருண்டையை வரைந்துகொண்டிருந்தபோது அம்மா வேலை முடிந்து வந்தாள். தோளில் டிக்கெட் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். சில்லுவைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று சில்லு நினைத்தாள்.

"உன் கண்ணு எவ்வளவு உயரத்துல இருக்கு, அப்பா கண்ணு எவ்வளவு உயரத்துல இருக்கு?" என்று கேட்டாள் அம்மா. "நீ பார்த்தா கணக்குத் தப்பும். நகரு, நான் உக்கார்றேன். நானும் உங்கப்பாவும் ஒரே உயரம்தான். அவர்தான் ஒத்துக்க மாட்டார்."

அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மூன்று உருண்டைகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். உருண்டை நடந்தான். அம்மா, "தெரியுது, தெரியுது, தெரியுது... காணோம்!" என்றாள். சில்லு வரைந்தாள். இப்படியே இடதுபக்கம் முழுக்க, பிறகு பின்பக்கம், பிறகு வலதுபக்கம் கொஞ்சம்.

சுண்ணக்கட்டி நகத்தளவு தேய்ந்தபோது வேலை முடிந்தது. உருண்டை, குவளையைத் தலையில் வைத்தபடியே திண்பண்ட டப்பாவைத் தேடிப் போய்விட்டான்.

அப்போதுதான் அப்பா வெளியே வந்தார்.

முற்றத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். ஆமையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கைகளும் சின்னச் சின்னக் கால்களுமாகப் படுத்திருந்தார்கள். ஒருவனுடைய தலை, நின்ற சக்கரத்தை ஒட்டி இருந்தது.

"இது என்ன?"

"கண்ணாடியில தெரியாத இடம்பா. பதினொரு உருண்டைங்க இருக்காங்க. இவங்க எல்லாரும் இங்க உக்காந்திருந்தாலும் நமக்கு யாரும் இல்லன்னுதான் தெரியும்."

 அப்பா ஒவ்வோர் உருவமாக எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்று வந்ததும் நின்றார்.

"அதனாலதான் சொன்னேன், இந்த வண்டியே வேண்டாம்னு."

"வண்டி வேண்டாம்னா சரிப்பா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சரி பண்ணிப் பார்த்துடலாம்" என்றாள் சில்லு.  கண்களை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "முடி வெட்டினதும் பின்மண்டையை எப்படிக் காட்டுவீங்க? எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ச்சுப் பிடிக்கணும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு உள்ளே போனார்.  ஒரு நிமிடம் கழித்து, கடையின் கைக்கண்ணாடியோடு திரும்பிவந்தார்.

"நீ பிடி. நான் உக்கார்றேன்" என்றார்.

சில்லு கண்ணாடியைக் கதவருகில் பிடித்தாள். கொஞ்சம் மேலே. கொஞ்சம் முன்னே. கடைசியில் இடதுபக்க முன்சக்கரத்துக்கு மேலே இருந்த மட்காட்டின் உச்சிதான் நல்ல இடம் என்று தெரிந்தது. அங்கே வைத்தால் அப்பா தலையை அதிகம் திருப்பாமலேயே பார்க்க முடிந்தது.

"எத்தனை பேர் தெரியறாங்க?"

"நாலு... நாலரை. ஒருத்தனுக்குத் தலை மட்டும் தெரியுது."

எப்படிச் சாய்த்தும் ஐந்துக்கு மேல் போகவில்லை. கண்ணாடி அவ்வளவுதான் காட்டியது. இன்னும் பெரிய கண்ணாடி வைத்தால் ஆமை நடமாடும் சலூன் ஆகிவிடும் என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலை சில்லு கவலையோடு சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே உருண்டை ஒரு குழிக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுக்குள்ள நீயும் இருக்கே. அம்மாவும் இருக்காங்க. ஜன்னலும் இருக்கு."

சில்லு அந்தக் கரண்டியைப் பிடுங்கினாள். ஆமாம். குட்டியூண்டு கரண்டிக்குள் மொத்தச் சமையலறையும் இருந்தது. எல்லாமே சின்னதாகத் தெரிந்தது. ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை.

"அப்பா! கண்ணாடிக்குத் தொப்பை இருக்கணும்பா!"

அன்று மாலை இருவரும் ஸ்பேனர் மாமாவின் பட்டறைக்குப் போனார்கள். அவர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக எப்போதும் ஸ்பேனர்தான் இருக்கும். ஆமையின் எஞ்சினுக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான். சில்லு சொன்னதைக் கேட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய, புடைத்த கண்ணாடிகள் இரண்டை எடுத்துவந்தார்.

"இதோ தொப்பைக் கண்ணாடி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுல எல்லாம் தூரத்துல இருக்கற மாதிரி காட்டும். நிஜத்துல கிட்டத்துல இருக்கும். அதை நம்பி ஏமாந்துடாதீங்க."

"மாமா, மட்காட்டுல எப்படி மாட்டறது?"

மாமா தலையைச் சொறிந்தார். "ஓட்டை போட்டுத்தான்."

சில்லு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து முறை வண்ணம் பூசிய மட்காடு அது. உருண்டை அதன் மேல் விரல் வைத்தால்கூட அப்பா துணியோடு ஓடிவருவார்.

புதன்கிழமை மாமா துளையிடும் கருவியோடு வீட்டுக்கு வந்தார். குறித்துவைத்த இடத்துக்கு நேரே அதைக் கொண்டுபோய், "போடட்டுமா? போட்டுட்டா திரும்ப மூட முடியாது. அந்தக் காலத்து வண்டி மாதிரி இருக்காது" என்றார்.

அப்பா மட்காட்டை ஒருமுறை தடவினார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க. நானே போடறேன்."

கருவி உறுமியது. நீலத் தூள் பறந்தது. அப்பாவின் கை துளியும் நடுங்கவில்லை.

இரண்டு பக்கமும் கண்ணாடி மாட்டியதும் அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சில்லு ஒவ்வொரு வெள்ளை உருவத்தின் மேலும் உண்மையான உருண்டையை உட்கார வைத்தாள். அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

"தெரியுது... தெரியுது... நாக்கைத் துருத்துறான், அதுவும் தெரியுது..."

பத்து உருண்டைகள் தெரிந்தார்கள். பதினோராவது உருண்டை பின்பக்கம், பம்பருக்கு நேர் கீழே இருந்தான். அவனை மட்டும் எந்தக் கண்ணாடியாலும் காட்ட முடியவில்லை.

"பதினொண்ணுக்குப் பத்து! நல்ல மார்க்தான்" என்றார் ஸ்பேனர் மாமா.

சில்லு அசையவில்லை. "தம்பிக்கு மார்க் போட முடியாது மாமா."

மாமா கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்தார்.

பத்து உருவங்களைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள் சில்லு. பதினோராவது உருவத்தை அழிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துகொண்டாள். இங்கே ஒரு கண்ணாடி வைத்தால்? அப்பாவுக்கு அது தெரியாது. அங்கே வைத்தால்? இது தெரியாது. வேலைக்குப் போன அம்மா திரும்பிவரும்வரை அங்கேயே இருந்தாள்.

"அம்மா, உங்க பஸ் இதைவிட எவ்வளவு பெரிசு! அதுக்குப் பின்னாடி டிரைவருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எப்படிப் பின்னாடி எடுக்கறாங்க?"

"நான் எதுக்கு இருக்கேன்? இறங்கிப் பார்ப்பேன். யாரும் இல்லன்னா ரெண்டு தட்டு தட்டுவேன். தட்டு விழாம பஸ் நகராது."

சில்லு துள்ளி எழுந்தாள். "அப்ப ஆமைக்கும் ஒரு கண்டக்டர் வேணும்!"

"வேணும்தான். ஆனா கண்டக்டர் எங்க நிக்கணும்னு தெரியுமா? வண்டிக்குப் பின்னாடி இல்ல. பக்கவாட்டுல, தள்ளி, டிரைவருக்குக் கண்ணாடியில தெரியற இடத்துல. கண்டக்டரைக் காணோம்னா டிரைவர் உடனே நிறுத்திடணும்."

வியாழனும் வெள்ளியும் மாலை முழுக்கப் பயிற்சிதான். சில்லு இறங்குவாள். பின்னால் போய்க் குனிந்து பம்பருக்குக் கீழே பார்ப்பாள். பக்கவாட்டில் தள்ளி நின்று கையை உயர்த்துவாள். அவள் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் அப்பா ஆமையைப் பின்னால் நகர்த்துவார். ஒருமுறை அப்பா அவசரத்தில் முன்னதாகவே கியரைப் போட்டுவிட்டார்.

"கை தூக்கவே இல்லப்பா!"

"மன்னிச்சுடுங்க கண்டக்டர்" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை அம்மாவுக்கு வேலை இருந்தது. அப்பா, சில்லு, உருண்டை மூவரும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

பரிசோதனைக் களம் மைதானம்போல இருந்தது. லாரிகளும் வேன்களும் வரிசையாக நின்றன. ஆய்வாளர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல முகத்தை வைத்திருந்தார்.

"பிரேக்." அப்பா காட்டினார்.

"விளக்கு." எரிந்தது.

"ஹாரன்." ஆமை பசித்த ஆடுபோலக் கத்தியது. பின்னால் நின்ற லாரிக்காரர் சிரித்துவிட்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஏதோ குறித்தார்.

பெல்ட் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு மட்காட்டுக் கண்ணாடிகளின் அருகே நின்றார். "இது கார் செஞ்சப்போ இருந்தது இல்லையே?"

"இல்ல மேடம். போன புதன்கிழமை மாட்டினது."

"ம்."

அவர் ஆரஞ்சு நிறக் கூம்புகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கும் இங்குமாகக் கூம்புகளை வைத்துவிட்டு அப்பாவின் ஜன்னலுக்கு வந்தார்.

"எத்தனை தெரியுது?"

அப்பா இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். தலைக்கு மேலே பார்த்தார். "அஞ்சு மேடம்."

"சரி. அப்படியே பின்னாடி எடுங்க. சீக்கிரம். நிறைய வண்டி நிக்குது."

அப்பா கியரில் கை வைத்தார்.

"அப்பா, எடுக்காதீங்க" என்றாள் சில்லு பின் இருக்கையிலிருந்து. "பதினோராவது இடத்தைப் பார்க்கல."

ஆய்வாளர் குனிந்து உள்ளே பார்த்தார். "என்ன பாப்பா? நான்தான் எடுக்கச் சொல்றேனே?"

பக்கத்து வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். இன்னொருவரும் அடித்தார். சில்லுவின் காது சூடானது. பெரியவர்கள், அதுவும் முத்திரை போடுகிற பெரியவர்கள் சொல்லும்போது மறுப்பது எப்படி? காகிதம் அவர் கையில் இருந்தது. நான்கு வருட உழைப்பும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

"மன்னிச்சுடுங்க மேடம். எங்க வண்டியில பம்பருக்குப் பின்னாடி எந்தக் கண்ணாடியிலயும் தெரியாது. ஒருத்தர் இறங்கிப் பார்க்காம நாங்க எடுக்க மாட்டோம்."

அப்பா கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். கைப்பிரேக்கை இழுத்தார். "அவ சொல்றது சரிதான் மேடம். இந்த வண்டிக்கு அவதான் கண்டக்டர்."

"கண்டக்டரா?" என்றார் ஆய்வாளர். "சரி, இறங்குங்க கண்டக்டர். நான் பக்கத்துல வர்றேன்."

சில்லு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினாள். ஆமையின் பின்பக்கம் போய்க் குனிந்தாள்.

பம்பரை ஒட்டி, சரியாகப் பதினோராவது உருண்டையின் இடத்தில், ஒரு குட்டிக் கூம்பு நின்றது.

அவள் அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஆய்வாளர் அவளைத் தன்னோடு வரும்படி சைகை காட்டி, பக்கத்துச் சுவரோரம் அழைத்துப் போனார். அங்கே குட்டிக் கூம்புகள் குவிந்து கிடந்தன. ஒன்று தோசைபோலத் தட்டையாக இருந்தது. ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. ஒன்றின் மேல் டயரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"இந்த வாரம் ஒன்பது. எல்லாம் புது வண்டி ஏத்தினது. எல்லாரும், 'நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க'ன்னு என் மேல கோவப்படறாங்க" என்றார் ஆய்வாளர். சில்லுவின் கையிலிருந்த கூம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பிச்சது இது ஒண்ணுதான்."

அப்போது அவர் சிரித்தார். சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று யாருமே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆமையின் உருண்டையான முதுகின் மேலேயே காகிதத்தை வைத்து முத்திரை குத்தினார். டொக்! அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். 

"அப்பா அழறாரு" என்று உள்ளேயிருந்து ஊருக்கே அறிவித்தான் உருண்டை.

"வேர்க்குது" என்றார் அப்பா.

வெளியே போகும் வழி பின்பக்கம் இருந்தது. ஆமையைக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். சில்லு மறுபடியும் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் தள்ளி, கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள். ஆய்வாளரும் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

இந்தப் பக்கம் மூன்று லாரி. அந்தப் பக்கம் இரண்டு வேன், ஒரு பெரிய தண்ணீர் வண்டி. எல்லா ஓட்டுநர்களும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில்லு கையை உயர்த்தினாள்.

ஆமை இருமிக்கொண்டே, மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் வந்து திரும்பியது. சில்லு நிதானமாக நடந்துபோய் ஏறினாள். கதவைச் சாத்தினாள். பெல்ட்டை மாட்டினாள். உருண்டையின் பெல்ட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அத்தனை நேரமும் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.